வைதேகி வீட்டில் மட்டும் எடுத்த அளவு

உங்கள் கூரைக்கும் உங்கள் தலைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அடுக்குமாடியின் நடுத்தளத்தில் இருப்பவர் என்றால் இந்தக் கேள்வியே உங்களுக்கு எழுந்திருக்காது. உங்கள் பங்கு வெயிலை மேல்தளத்துக்காரர் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் மே மாதத்து மதியத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே படுத்திருப்பவருக்கும் வெயிலுக்கும் நடுவே அரை விரல் தடிமன் சிமென்ட் தகடு தவிர ஒன்றும் கிடையாது. அந்த வெயில் எந்த அம்மனின் கோபமும் அல்ல. கூழ் ஊற்றினால் அது குறையாது. அது வெறும் வெப்பம். அது எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால் அந்த வழியை மறிக்கலாம்.

வைதேகிக்கு அது தெரியும். இரண்டு விரல் அகலக் காற்றை வைத்து அதை மறிக்கலாம் என்று அவள் தானே செய்து பார்த்துக் கண்டுகொண்டவள்.

அடையாற்றின் கரையில், பாலத்துக்குக் கீழே இறங்கும் சந்தில் அவள் வீடு. வயது நாற்பத்திரண்டு. தொழில் ஃபால்ஸ் சீலிங். முதலில் அது அவள் கணவன் டில்லிபாபுவின் தொழிலாக இருந்தது. தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மூன்றாவது மாடியில் சாரம் சரிந்து அவன் இடுப்பெலும்பு உடைந்தது. கடைக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை வந்தார், ஆப்பிள் வாங்கிவந்தார். அதற்குப் பிறகு டில்லிபாபு நடப்பான், உட்காருவான், வாய் ஓயாமல் பேசுவான். ஏணி மட்டும் ஏற மாட்டான். அவன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வைதேகி வேலைக்குப் போனாள்.

முதல் நாள் மேஸ்திரி கேட்டான்: "இன்னாம்மா, பெருக்க வந்தியா?"

"மேல ஏற வந்தேன். ஏணிய கெட்டியா புடிச்சுக்க."

பத்து வருடத்தில் தி.நகரிலும் மயிலாப்பூரிலும் அவள் கை படாத நகைக்கடை விதானம் குறைவு. கண்ணால் பார்த்தே மட்டம் சொல்வாள். ஆனால் கண்ணை நம்ப மாட்டாள். நூல் கட்டிப் பார்த்த பிறகுதான் திருகாணி முடுக்குவாள். ஆட்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்து இடைவெளிக்குள் விட்டுப் பார்ப்பது அவள் பழக்கம். "டேப்பு பொய் சொல்லாது, ஆனா அத்த புடிக்கிறவன் சொல்லுவான்" என்பாள்.

ஒரு முறை நகைக்கடை ஒன்றின் மொட்டைமாடியில் ஷீட் போட்ட கிடங்குக்கு வேலை வந்தது. அங்கே ஒரு பொறியாளர் ஷீட்டுக்கு அடியில் ரீப்பர் கட்டைகளை வரிசையாக அடிக்கச் சொல்லி, அந்தக் கட்டைகளின் அடிப்பக்கத்தில் பளபளக்கும் அலுமினியத் தாளை இழுத்துக் கட்டச் சொன்னார். ஷீட்டுக்கும் தாளுக்கும் நடுவே இடம் காலியாகக் கிடந்தது.

"எதுக்கு சார் இவ்ளோ கேப்பு? ஒட்டியே அடிச்சா ரீப்பர் மிச்சமாவுமே."

"ரெண்டு மாதிரியும் அடிச்சுப் பாரும்மா. சாப்பிட்டுட்டு வந்து கை வை."

அவள் விளையாட்டாக விடவில்லை. ஒரு மூலையில் தாளை ஷீட்டோடு ஒட்டி அடித்தாள். பக்கத்திலேயே இடைவெளி விட்டு அடித்தாள். இரண்டுக்கும் கீழே ஒரே மாதிரிப் பலகை. சாப்பிட்டுவிட்டு வந்து கை வைத்தாள். ஒட்டிய பக்கம் கையை எடுக்க வைத்தது. இடைவெளி விட்ட பக்கத்தில் கையை வைத்துக்கொண்டே அவளால் பேச முடிந்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. காய்ந்த ஷீட் கீழ்நோக்கிக் கதிராக வெப்பத்தை வீசுகிறது. பளபளக்கும் அலுமினியம் அதில் பெரும்பங்கை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. ஆனால் திருப்பி அனுப்ப நடுவே வெற்றிடம் போல ஒரு காற்றுப் பரப்பு வேண்டும். இரண்டும் தொட்டுக்கொண்டால் கதிருக்கு வேலையே இல்லை. வெப்பம் நேராகக் கடந்துவிடும். அலுமினியக் குண்டானை அடுப்பில் வைத்துவிட்டு அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பொருள் அதே பொருள்தான். இடம் விட்டால் அது காவல்காரன், ஒட்டினால் கதவைத் திறந்துவிடுகிறவன்.

மிஞ்சிய தாளைக் கேட்டு வாங்கிவந்து வைதேகி தன் வீட்டுக் கூரையில் கட்டினாள். இரண்டு விரல் இடைவெளி, அதற்கும் கீழே மெல்லிய பலகை. அந்தக் கோடையில் டில்லிபாபு முதல் முறையாக மதியத்தில் குறட்டை விட்டான்.

செம்பியன் வந்தது அந்தக் கோடையில்தான். தரமணியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. முப்பது வயதுகூட ஆகவில்லை. சாமி பெயரே வேண்டாம் என்று அப்பா தேடி வைத்த பெயர் என்று பெருமையாகச் சொல்வான். ஆற்றங்கரை வீடுகளில் எவ்வளவு வெப்பம் என்று கணக்கெடுக்க வந்தவன், தண்ணீர் கேட்டு வைதேகி வீட்டுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தான். தண்ணீரைக் குடிக்க மறந்தான்.

"அக்கா, இத யாரு போட்டது?"

"நான்தான். ஏன், கோணலா கீதா?"

அன்றிலிருந்து அவன் அந்த வீட்டுப் பிள்ளை. மீன்குழம்பில் முள்ளெடுக்கத் தெரியாமல் டில்லிபாபுவிடம் கேலி வாங்குவான். வைதேகியிடம் கேள்வி கேட்பான், அவள் சொல்வதை எழுதிக்கொள்வான். "யார் சொன்னாலும் நம்பாதீங்கக்கா, செஞ்சு பாருங்க" என்பான். பத்து வருடமாக அவள் செய்துவந்ததற்கு ஒருவன் பெயர் வைத்துப் பேசியபோது அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அவன் அளவெடுக்க வேண்டும் என்றான். அங்கேதான் சிக்கல்.

அந்தக் கரையில் அளவெடுக்க வருகிறவனுக்கு யாரும் கதவு திறப்பதில்லை. சில வருடங்களுக்கு முன்னால் டேப்போடு வந்தவர்கள் வீடுகளை அளந்தார்கள், கதவுகளில் சாக்பீஸால் எண் போட்டார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த தை மாதத்தில் பக்கத்து வரிசை முழுவதையும் லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே, வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டார்கள். அதிலிருந்து கையில் கருவியோடு ஒருவன் சந்தில் நுழைந்தால் பூட்டு விழும் சத்தம் வரிசையாகக் கேட்கும்.

ஆட்டோ ஓட்டும் சேட்டு வாசலில் நின்று கேட்டான்: "இன்னா வைதேகி, உன் ஊட்டுக்கே அளக்கறவன கூட்டியாந்துட்டியா?"

"இவன் கூரைய அளக்க வந்தவன் நைனா. தரைய இல்ல."

ஊரைச் சமாதானப்படுத்த அவள் செம்பியனிடம் ஒரு நிபந்தனை போட்டாள். "அளவெல்லாம் எங்க ஊட்டோட நிக்கணும். வேற எந்த ஊட்டுக்குள்ளயும் உன் மிஷினு போவக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியத்துல நம்பிக்கை இல்லக்கா. கை குடுக்கிறேன்."

கை கொடுத்தான். பொத்தான் அளவுக் கருவிகளை அவள் வீட்டு ஷீட்டிலும் பலகையிலும் ஒட்டினான். நாற்பது நாள். மதியத்தில் ஷீட்டின் அடிப்பக்கம் ஐம்பத்தேழு டிகிரி. பலகையின் அடிப்பக்கம் முப்பத்தெட்டு. பத்தொன்பது டிகிரி வித்தியாசம். அவன் அந்த எண்ணைச் சொன்னபோது டில்லிபாபு, "பத்தொம்போதா? என் கல்யாண வயசுடா அது" என்று கைதட்டினான்.

அடுத்த வருடம் செம்பியனின் நிறுவனம் வழியாக ஒரு தனியார் கம்பெனி நன்கொடை தர முன்வந்தது. நூற்று முப்பத்தாறு வீடுகளுக்குக் கூரை. ஆற்றங்கரை மக்கள் ஒரு திட்டத்தைக் காகிதத்தில் நம்ப மாட்டார்கள். வைதேகி வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் பெயர் கொடுத்தார்கள். அப்படிப் பெயர் கொடுத்தவர்களில் ஒருத்தி சரண்யா. புற்றுநோய் மருத்துவமனையில் இரவுப் பணி ஊழியை. காலையில் வந்து படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம். வெயில் ஏறினால் அதுவும் போச்சு. "அக்கா, இது வந்துச்சுன்னா நான் மனுஷியாயிடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வேலை ஆரம்பித்தபோது வைதேகி மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் விதானத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாள். திரும்பி வந்து பார்த்தால் சந்து முழுக்கக் கூரை முடிந்திருந்தது. ரீப்பர் ஒன்றுகூட இல்லை. அலுமினியத் தாளை ஷீட்டின் வளைவுகளோடு அப்படியே பசை போட்டு ஒட்டி, தாளின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் தோலையும் ஒட்டியிருந்தார்கள். தோலில் கம்பெனியின் பூ முத்திரை.

அவள் செம்பியனுக்கு போன் போட்டாள். "கேப்பு எங்க செம்பி?"

"இது புது மெட்டீரியல்க்கா. கேப் உள்ளயே இருக்கு."

இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவள் அன்று ஒப்புக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் சோதிக்காமல் விட்ட ஒரே கூரை அதுதான். ஏன் விட்டாள்? சொன்னவன் செம்பியன் என்பதால்.

மே மாதம் வந்தது. ஒரு மதியம் சரண்யா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வைதேகி வீட்டு வாசலில் நின்றாள். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"உங்க ஊட்டு ஜில்லு இங்கயேதான் கீதா, இல்ல எங்கூட்டுக்கும் பட்டா போட்டியா?"

"இன்னாடி சொல்ற?"

"வந்து கை வெச்சுப் பாரு."

வைதேகி போய்க் கை வைத்தாள். எடுத்துவிட்டாள். உளியின் முனையால் மூலையில் தோலைக் கிளப்பினாள். தோல், தாள், ஷீட். மூன்றும் ஒன்றோடொன்று இறுகக் கிடந்தன. நடுவில் விரல் வேண்டாம், ஒரு தலைமுடி நுழைய இடமில்லை. நகைக்கடை மொட்டைமாடியில் அவள் சோதித்த அதே தவறான மூலை, நூற்று முப்பத்தாறு வீட்டுக்கு.

சரண்யா அவள் முகத்தைப் பார்த்தாள். "தெரிஞ்சேதான் செஞ்சியாக்கா? உனக்கு மட்டும் கட்ட, எங்களுக்கு கோந்து?"

மறுநாள் வேலைக்குப் போகாமல் வைதேகி தரமணிக்குப் போனாள். நிறுவனத்தின் வரவேற்பறையில் சுவர் உயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. அவள் வீட்டுக் கூரை. அவள் அடித்த பலகை, அவள் மாட்டிய மின்விசிறிக் கொக்கி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் எண்கள்.

செம்பியன் இறங்கிவந்தான். அந்தக் குளிரூட்டிய அறையில் அவனுக்கு வியர்த்தது.

"இது எங்க ஊட்டுக் கூரதானே செம்பி?"

"ஆமாக்கா."

"பக்கத்துல நூத்தி முப்பத்தாறுன்னு போட்டுகீது?"

"அது மொத்தமா போட்ட வீடு."

"பத்தொம்போது?"

"அது... உங்க வீட்ல எடுத்தது."

"மத்த ஊட்ல?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மத்த வீட்ல அளக்கக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க. ரிப்போர்ட்லயே எழுதியிருக்கோம். குடியிருப்போர் விருப்பப்படி அளவு ஒரு வீட்டோட நிறுத்தப்பட்டதுன்னு."

அவன் கொடுத்த கையை மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏழைகளின் பயத்துக்கு மரியாதை கொடுத்து அவள் போட்ட நிபந்தனையைப் பத்திரமாகக் காப்பாற்றி, அதையே கவசமாக மாட்டிக்கொண்டுவிட்டான். பொய்யான எண் அந்தச் சுவரில் ஒன்றுகூட இல்லை. இரண்டு உண்மையான எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள், அவ்வளவுதான். மீதிப் பொய்யைப் படிப்பவரே சொல்லிக்கொள்வார்.

"ஒட்டுனா வேல செய்யாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா. ரீப்பர் வெச்சா மார்ச்சுல நன்கொடைக் கணக்கு முடியறதுக்குள்ள வேலை முடியாதுன்னாங்க. நான் ஒரு மெயில் போட்டேன். யாரும் பதில் போடல."

"அப்போ ரிப்போட்டுல கையெழுத்து போட்டது யாரு?"

"அடுத்த கட்டத்துல சரி பண்ணிடலாம்க்கா, டீ சாப்பிடறீங்களா?" என்றான்.

படத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அது என்ன என்று கேட்டாள். 'பயனாளி ஒருவரின் வீடு' என்று மொழிபெயர்த்துச் சொன்னான். கூரையைக் கண்டுபிடித்தவள், கட்டியவள், அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள், அந்தச் சுவரில் தானம் வாங்கிக்கொண்டவள் ஆகியிருந்தாள்.

"என் பேரு உனக்குத் தெரியாதா செம்பி?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள். பறக்கும் ரயிலில் கஸ்தூரிபா நகர் வரை அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

சந்தில் அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சேட்டு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "தரைய அளக்க வர்லன்ன. அப்ப இன்னாத்த அளந்துக்கினு போனான்? எங்க மூஞ்சியவா?"

அவள் அவனைத் தாண்டிப் போனாள். வீட்டுக்குள் டில்லிபாபு ஒரு யோசனை வைத்திருந்தான். "நம்ம கூரைய பிரிச்சுப் போட்டுடு வைதேகி. நானும் அவுங்களோட சேர்ந்து வேவறேன். அப்ப நம்புவாங்க."

"நம்பறதுக்கு நீ வெந்தாத்தான் ஆச்சா? அளந்தா போதாதா?"

"அளக்க எவன் கதவ தொறப்பான்?"

அதுதான் அவள் முன்னால் நின்ற சுவர். தன் பெயரை மீட்க அவளுக்கு ஒரே வழி, எந்தக் கருவியை வீடுகளுக்குள் விடாதே என்று அவளே தடுத்தாளோ அதே கருவியோடு அவளே கதவு தட்டுவது. ரிச்சி தெருவுக்குப் போய், கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அது போல் கூரையின் சூட்டைச் சொல்லும் துப்பாக்கி ஒன்று வாங்கினாள். முதலில் சரண்யா வீட்டுக்குப் போனாள்.

"உள்ள வரலாமா?"

"யாருக்காக அளக்கற?"

"எனக்காக. நான் பொய் சொல்லலன்னு எனக்கே தெரியணும்."

சரண்யா கதவை முழுக்கத் திறக்கவில்லை. பூட்டவும் இல்லை. வைதேகி பக்கவாட்டில் நுழைந்தாள். வெள்ளைத் தோல் ஐம்பத்து மூன்று காட்டியது. வைதேகி அத்தோடு நிற்கவில்லை. தன்னிடமிருந்த ரீப்பரைக் கொண்டுவந்து, சரண்யா வீட்டுக் கூரையின் ஒரு பாதியில் மட்டும் தோலைப் பிய்த்துவிட்டு, இரண்டு விரல் இடைவெளியில் புதுத் தாளும் பலகையும் கட்டினாள். மறுபாதியை அப்படியே விட்டாள். ஒரே ஷீட், ஒரே வெயில். மறுநாள் அளந்தபோது ஒரு பாதி ஐம்பத்து மூன்று, மறுபாதி முப்பத்தொன்பது.

சரண்யா எண்ணைப் பார்க்கவில்லை. பாயை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள். "ஆறு மணிக்கு எழுப்பு. டூட்டி கீது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

அந்த மே மாதத்தில் அறுபத்தொரு கதவுகள் திறந்தன. எழுபத்தைந்து திறக்கவில்லை. சேட்டு வீட்டுக் கதவு திறக்காத பக்கம். திறந்த வீடுகளில் குறைந்த அளவு ஐம்பது, கூடிய அளவு ஐம்பத்தாறு. தேதி, நேரம், வீட்டுக்காரர் கைரேகை எல்லாவற்றோடும் ஒரு நோட்டில் எழுதி அவள் தரமணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. பயனாளிகள் எடுக்கும் அளவுகளை ஏற்க இயலாது; தகுதி வாய்ந்தவர்கள் எடுத்திருக்க வேண்டும். கீழே செம்பியனின் கையெழுத்து.

பட்டம் இல்லாதவள் கையில் வெப்பமானி வேறு எண் காட்டுமா? இந்தக் கேள்வியை அந்த நிறுவனத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மூடநம்பிக்கை கோயில் வாசலில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தரமணியில் கண்ணாடி அறைக்குள், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டும் அது உட்கார்ந்திருக்கிறது.

இப்போது அதே வெள்ளைத் தோல் சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தின் கரையில் நானூறு வீடுகளுக்குப் போகப்போகிறது. அங்கே காட்டப்படுவது வைதேகி வீட்டுப் படம், வைதேகி வீட்டு எண். அவள் அங்கேயும் போனாள். அந்தச் சந்திலும் அவள் கையில் கருவியைப் பார்த்ததும் பூட்டுகள் வரிசையாக விழுந்தன. வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினாள். அடுத்த வாரம் மறுபடி போவாள், அவளைத் தெரியும். ஆனால் அவள் சொல்லுக்கு இருந்த ஒரே மூலதனத்தை வேறொருவன் செலவழித்துவிட்டான்.

இதைப் படிப்பவர்களில் பொறியாளர்கள் இருப்பீர்கள், பேராசிரியர்கள் இருப்பீர்கள், நன்கொடைக் கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருப்பீர்கள். அவளுக்கு இல்லை என்று அவர்கள் சொன்ன அந்தத் தகுதி உங்களிடம் சும்மா கிடக்கிறது. நாளை உங்கள் மேஜைக்கு ஒரு மாதிரி வீட்டின் படமும் அழகான ஓர் எண்ணும் வரும். கையெழுத்துப் போடாதீர்கள். எழுந்து போங்கள். அவர்கள் காட்டும் வீட்டைத் தாண்டிப் போய், அவர்கள் காட்டாத ஒரு கதவை நீங்களே தேர்ந்தெடுத்துத் தட்டுங்கள். திறந்தால் அனுமதி கேட்டு அளந்து, அந்த எண்ணை எழுதி, அதன் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.